ட்யூப், சாலிட் ஸ்டேட், மாடலிங்: மாடலிங் ஆம்ப் வாங்கினால் எதையாவது இழப்போமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது "ட்யூப், சாலிட் ஸ்டேட் (டிரான்சிஸ்டர்), மாடலிங் (டிஜிட்டல் சிப்) ஆகிய மூன்றில் எது நல்ல கிட்டார் ஆம்ப்" என்பதுதான். ஆனால் கேள்விக்குக் கீழே கொடுத்திருக்கும் விவரங்களைப் படித்தால் விஷயம் வேறு. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பு, அவ்வப்போது மெல்லிசைக் குழு, கையில் நாற்பதாயிரம் ரூபாய். கடைக்காரர் மாடலிங் ஆம்பைக் காட்டுகிறார். கூட வாசிக்கும் நண்பர் "ட்யூப் இல்லாட்டி அதெல்லாம் டோனே இல்லடா" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ ஊருக்கு வரும்போது ஒரு ட்யூப் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வரத் தயாராக இருக்கிறார். ஆக, உங்கள் உண்மையான கேள்வி, "மாடலிங் வாங்கினால் எனக்கே தெரியாமல் ஏதோ ஒன்றை இழந்துவிடுவேனா?" என்பது. அதற்குத்தான் பதில் சொல்கிறேன். நான் சென்னையில் ஆம்ப் பழுது பார்ப்பவன், மேடைகளில் சவுண்டும் பார்த்திருக்கிறேன். வாசிப்பது பெரும்பாலும் ப்ளூஸும் பழைய சினிமாப் பாட்டும். எட்டுத் தந்தி கிட்டாரில் வாசிக்கிற இன்றைய மெட்டலைப் பற்றி என் காதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பேஸ் கிட்டார் ஆம்பின் கணக்கும் வேறு, அதை இங்கே தொடவில்லை.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் வைக்கக்கூடிய சத்தத்தில் நீங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள். சர்ச்சில் மைக் வழியாகவோ லைன் (ஆம்பிலிருந்து நேரடி ஒயர்) வழியாகவோ மிக்சருக்குப் போனால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் எதையும் இழக்க மாட்டார். இழப்பு என்று ஒன்று உண்டென்றால் அது, ஆம்பை நன்றாகத் திறந்துவைத்து அதற்கு நாலடி முன்னால் நின்று வாசிக்கிறவருக்கு மட்டும்தான். அப்படி வாசிக்க உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். இனி வருவதெல்லாம் இது ஏன் இப்படி என்ற விளக்கம்.

ட்யூப் என்றால் நம் ஊர்ப் பேச்சில் வால்வு. பழைய வால்வு ரேடியோவில் சுவிட்சைப் போட்டு அரை நிமிடம் காத்திருந்தால்தான் குரல் வரும். கிட்டார் ஆம்புக்குள் இருப்பதும் அதே சாமான். உள்ளே இருக்கும் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் சூடாகி, கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, சில நூறு வோல்ட் ஏற்றிய பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவில் இருக்கும் கிரிட் என்ற கம்பி வலையில் கிட்டாரின் சின்ன சிக்னலைக் கொடுத்தால், அந்த ஓட்டம் கூடிக் குறைகிறது. லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் அந்தக் கிரிட்டை நுழைத்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை. கிட்டார் ஆம்பின் முன்பகுதியில் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 இருக்கும். ஐரோப்பாவில் அதற்கே ஈசிசி83 என்று பெயர். பின்பகுதியில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு 6வி6, 6எல்6, ஈஎல்34, ஈஎல்84 ஆகிய நாலில் ஒன்றாக இருப்பதே வழக்கம்.

இங்கே ஒரு வரலாற்றுத் துணுக்கு, பின்னால் உதவும். 1960-களின் தொடக்கத்தில் லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து வரும் ஃபெண்டர் ஆம்ப் விலை அதிகம். கடைக்கு வரும் பையன்களுக்காக அவரும் உதவியாளர்களும் ஃபெண்டர் பேஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்து 1962-ல் ஜேடிஎம்45 என்ற ஆம்பைச் செய்தார்கள். சர்க்யூட் ஏறக்குறைய அச்சு அசல். மாறியது, இங்கிலாந்தில் கிடைத்த வால்வுகள், டிரான்ஸ்ஃபார்மர், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பீக்கர். பேஸ்மேனில் பின்பக்கம் திறந்த பெட்டிக்குள் நாலு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர். மார்ஷலில் முழுக்க மூடிய பெட்டிக்குள் நாலு 12 அங்குல செலஸ்டியன். ஒரே சர்க்யூட்டிலிருந்து "ஃபெண்டர் டோன்", "மார்ஷல் டோன்" என்று இரண்டு ஜாதி பிறந்தது இப்படித்தான். வால்வா டிரான்சிஸ்டரா என்று நாம் சண்டை போடும்போது, பெட்டியும் ஸ்பீக்கரும் சத்தமில்லாமல் நடுவில் உட்கார்ந்து பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

இனி உறுதியாகச் சொல்லக்கூடியது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரிப்போம். உறுதியான முதல் விஷயம், சிதைவு (டிஸ்டார்ஷன்) தொடங்கும் விதம். வால்வு ஆம்பில் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே எதிராகக் கொடுத்துப் பிசகைத் திருத்துவது) குறைவாக இருக்கும், சிலவற்றில் பவர் பகுதியில் அறவே இருக்காது. அதனால் சிக்னல் பெரிதாகப் பெரிதாக அதன் முனைகள் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் வருவது இதனால்தான். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பில் ஃபீட்பேக் நிறைய. எல்லை வரும்வரை துளிக்கூடப் பிசகாது. எல்லை வந்ததும் முனையைக் கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று வெட்டிவிடும். காதைக் குத்தும் அந்த ஒலியைக் கேட்டுத்தான் "டிரான்சிஸ்டர் ஆம்ப் வறட்டுத்தனம்" என்ற பேச்சு வந்தது. இதற்குக் காரணம் சர்க்யூட்டை அமைத்த விதம். கண்ணாடிக் குழாய்க்குள் மந்திரம் எதுவும் இல்லை. டிரான்சிஸ்டரை வைத்தே படிப்படியாக மழுங்கும் சர்க்யூட் அமைக்கலாம், பலர் அமைத்திருக்கிறார்கள்.

சந்தேகத்துக்குரியது, உங்கள் நண்பர் அடுத்துச் சொல்லப்போகும் வசனம்: "வால்வு இரட்டைப்படை ஹார்மோனிக் தரும், டிரான்சிஸ்டர் ஒற்றைப்படை தரும், அதான் வித்தியாசம்." ஹார்மோனிக் என்றால் வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண்ணைப் போல இரண்டு, மூன்று, நாலு மடங்கில் கூடவே எழும் அலைகள். அந்த வசனம் பாதி உண்மை. இந்தப் பேச்சு பரவ முக்கியக் காரணம், 1973-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் ரஸ்ஸல் ஹாம் எழுதிய கட்டுரை. அவர் ஆராய்ந்தது ஸ்டுடியோ மைக் ப்ரீஆம்புகளை (மைக் சிக்னலைப் பெரிதாக்கும் கருவிகளை). கிட்டார் ஆம்புகளை அல்ல. கிட்டார் ஆம்பின் முன்பகுதியில் இருக்கும் ஒற்றை டிரையோடு (மூன்று முனை வால்வு) இரட்டைப்படை ஹார்மோனிக் தருவது சரிதான். ஆனால் பெரும்பாலான ஆம்புகளின் பவர் பகுதி புஷ்-புல் வகை, இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்பவை. அந்த அமைப்பு தன் பங்கு இரட்டைப்படை ஹார்மோனிக்குகளை ரத்து செய்துவிடும், மிஞ்சுவது ஒற்றைப்படை. வால்யூமை முழுக்கத் திறந்த மார்ஷலின் கர்ஜனையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்கே தூக்கல். இன்னொரு பக்கம், 1981-ல் வந்த பாஸ் எஸ்டி-1 என்ற சின்ன மஞ்சள் பெடலில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயோடு, மறுபக்கத்துக்கு ஒரு டயோடு என்று வைத்து அலையை ஏற்றத்தாழ்வாக வெட்டி, இரட்டைப்படை ஹார்மோனிக்கை வரவழைத்தார்கள். அதற்குள் வால்வே கிடையாது.

அவ்வளவாக யாரும் பேசாத, ஆனால் என் கணக்கில் மிகப் பெரிய வித்தியாசம், ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதம். ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) என்று அச்சடித்திருப்பார்கள். அது பெயரளவு. கிட்டார் ஸ்பீக்கரை அளந்து பார்த்தால், அதன் இயல்பான அதிர்வு இருக்கும் 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஓம் பல மடங்கு எகிறும்; பிறகு 8-க்கு அருகே இறங்கி, மேல் ஸ்தாயிக்குப் போகப் போக மறுபடி ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப் இதைச் சட்டை செய்யாது, எல்லா ஸ்தாயியிலும் ஒரே வோல்ட்டேஜைத் தரும். வால்வு ஆம்பால் அது முடியாது. ஓம் ஏறுகிற இடங்களில் அதன் வோல்ட்டேஜும் கூட ஏறும். விளைவு, அடியில் ஒரு திரட்சி, மேலே ஒரு பளிச். நாம் "உயிர் இருக்கு", "மூச்சு விடுது" என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். அளக்கக்கூடிய விஷயம் என்பதால் நகலெடுக்கவும் கூடியது. கரன்ட் ஃபீட்பேக் (ஸ்பீக்கரில் ஓடும் மின்னோட்டத்தைக் கவனித்துத் திருத்துவது) போட்ட டிரான்சிஸ்டர் ஆம்புகள் இதைச் செய்கின்றன, நல்ல மாடலிங் கருவிகளும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

அடுத்தது, அழுத்தி வாசிக்கும்போது வால்வு ஆம்பின் பவர் சப்ளை ஒரு கணம் தொய்வது. ரெக்டிஃபையரும் (ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் பகுதி) வால்வாக இருந்தால் தொய்வு இன்னும் தெரியும். மீட்டிய கணத்தில் ஒலி கொஞ்சம் அமுங்கி, பிறகு விரிந்து எழும். விரலில் உணரக்கூடியது, அருமையான அனுபவம். ஆனால் இது பவர் வால்வுகள் மூச்சுத் திணற உழைக்கும்போது மட்டுமே கிடைக்கும். இங்கேதான் அடுக்குமாடி வீட்டுக் கணக்கு வருகிறது. சாதாரண 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தள்ளி, ஏறக்குறைய 97 டெசிபல் தரும். ஒரே ஒரு வாட். சின்னது என்று பேர் வாங்கிய 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் முழு மூச்சில் 110 டெசிபலைத் தொடும். காதுக்கும் நல்லதல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் உறவுக்கும் நல்லதல்ல. மாஸ்டர் வால்யூமை ஒன்றில் வைத்து வாசித்தால், பவர் வால்வுகள் தூங்கிக்கொண்டிருக்கும். கேட்பது முன்பகுதிச் சிதைவு மட்டும். வால்வுக்காகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியை நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டென்யுவேட்டர் (பவரின் ஒரு பகுதியை உறிஞ்சிச் சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) போடலாம், பயன் உண்டு. ஆனாலும் சத்தம் குறைந்தால் நம் காது அடி ஸ்தாயியையும் மேல் ஸ்தாயியையும் குறைவாகவே கேட்கும் என்பதால், "கடையில கேட்ட மாதிரி இல்லையே" என்ற குறை போகாது.

போகிற போக்கில் ஒன்று. "வால்வு வாட் பெரிய வாட்" என்பார்கள். வாட் என்றால் வாட்தான். வால்வு ஆம்பை அதன் சுத்தமான எல்லையைத் தாண்டியும் ரசித்து வாசிக்க முடிகிறது, டிரான்சிஸ்டர் ஆம்பை எல்லைக்கு முன்பே நிறுத்திவிடுகிறோம். அதனால் அப்படித் தோன்றுகிறது.

சாலிட் ஸ்டேட் ஆம்புக்கு நம் ஊரில் கிடைத்திருக்கும் கெட்ட பெயர் நியாயமில்லாதது. 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் கோரஸ் (பல கிட்டார் சேர்ந்து ஒலிப்பது போன்ற எஃபெக்ட்) வேலை செய்யும் விதம் அலாதி: ஒரு ஸ்பீக்கரில் நேர் ஒலி, மற்றதில் சுருதி லேசாக அலையும் ஒலி, இரண்டும் கலப்பது வெளியே, காற்றில். சுத்தமான கிட்டார் ஒலி என்றால் உலகமே அதைத்தான் அளவுகோலாக வைக்கிறது. (அதிலேயே இருக்கும் டிஸ்டார்ஷன் குமிழைத் திருகாதீர்கள். அதை நல்லது என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) ப்ளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங் பல வருடங்கள் வாசித்த லேப் சீரிஸ் எல்5 வால்வு ஆம்ப் அல்ல, டிரான்சிஸ்டர் ஆம்ப். அவருடைய டோனைக் கேட்டு "வால்வோட இனிமை" என்று உருகியவர்கள் நிறையப் பேர்.

பிறகு ஏன் கெட்ட பெயர்? நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்ட டிரான்சிஸ்டர் ஆம்ப், கிட்டாரோடு சேர்த்து விற்கும் பத்து வாட் பெட்டி. ஆறரை அங்குலமோ எட்டு அங்குலமோ ஸ்பீக்கர், மெல்லிய பலகை. என் பட்டறைக்கு வரும் பையன்களுக்கு ஒன்று செய்து காட்டுவேன். அந்தச் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, ஓம் பொருந்துகிறதா என்று பார்த்து, மூலையில் கிடக்கும் 12 அங்குல பெட்டியில் மாட்டி, துணியைப் போட்டு மூடிவிட்டு வாசிக்கச் சொல்வேன். "எந்த ஆம்ப் சார் இது?" என்பதுதான் வழக்கமாக வரும் கேள்வி. துணியை எடுத்ததும் முகத்தைப் பார்க்க வேண்டும். (வால்வு ஆம்பில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றும் இந்த விளையாட்டே கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.)

மாடலிங்குக்கு வருவோம். வால்வு, டிரான்சிஸ்டர், ஸ்பீக்கர், பெட்டி, மைக் ஆகிய எல்லாம் சேர்ந்து சிக்னலை என்ன செய்கின்றனவோ அதை ஒரு சிப் கணக்குப் போட்டுச் செய்வதுதான் மாடலிங். 1990-களின் நடுவில் ரோலண்ட், லைன் 6 கருவிகளில் தொடங்கியது. 1998-ல் வந்த சிவப்புச் சிறுநீரகம் போன்ற லைன் 6 பாட் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அன்றைய கருவிகளைக் கேட்டு "டிஜிட்டல் பிளாஸ்டிக் மாதிரி இருக்கு" என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கணக்கே அப்படி. சிதைவு என்றாலே புதிய மேல் ஸ்தாயி அலைகள் உருவாகும். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 முறை, மாதிரி எடுக்கும் கருவியால் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வைத்திருக்க முடியாது. அதைத் தாண்டியவை மடங்கிக் கீழே இறங்கி, வாசிக்கும் சுரத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு கிறீச்சாகக் கலக்கும். இதைத் தவிர்க்க உள்ளுக்குள் பல மடங்கு வேகத்தில் கணக்குப் போட வேண்டும், அதற்கு அன்றைய சிப்புகளில் தெம்பில்லை. இன்றைய சிப்புகளில் இருக்கிறது. ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 2006-லும், கெம்பர் 2011-லும், ஹீலிக்ஸ் 2015-லும் என மாடலிங் கருவிகள் வந்த பிறகு அந்தக் குறை பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

மாடலிங்கில் இரண்டு வழி இருப்பதைக் கடைக்காரர்கள் விளக்குவதில்லை. ஒன்று, சர்க்யூட்டைப் பகுதி பகுதியாகக் கணக்கில் கட்டுவது. இதில் ட்ரெபிள் குமிழைத் திருகினால் அசல் ஆம்பில் எப்படி மாறுமோ அப்படியே மாறும். இன்னொன்று, ஓர் அசல் ஆம்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கொண்டு நகல் எடுப்பது. கெம்பர் இதை ப்ரொஃபைல் என்கிறது, இப்போது நியூரல் நெட்வொர்க்கை வைத்துச் செய்பவற்றை கேப்சர் என்கிறார்கள். கேப்சர் ஒரு புகைப்படம் மாதிரி. எடுத்த நிமிடத்தில் குமிழ்கள் எங்கே இருந்தனவோ அந்த நிலைக்கு அது அபாரமாக ஒத்துப்போகும். பிறகு கெயின் குமிழை (கரகரப்பைக் கூட்டிக் குறைப்பது) திருகினால், அசல் ஆம்ப் அங்கே என்ன செய்திருக்கும் என்பது அதற்குத் தெரியாது, ஊகமாக ஏதோ செய்யும். ஒரே டோனில் வாசிப்பவருக்கு கேப்சர் போதும். குமிழ்களைத் திருகிக்கொண்டே இருப்பவருக்கு முதல் வகைதான் வசதி.

தாமதம் பற்றிய பயமும் உண்டு. டிஜிட்டல் ஆம்பில் உள்ளே போய் வெளியே வர ஓரிரு மில்லி செகண்டுகள் ஆகும் என்பது உண்மை. ஆனால் ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட் பிடிக்கிறது. ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிறவர் அதை விட அதிகத் தாமதத்தைக் கவனிக்காமலே வாசிக்கிறார். உங்களுக்குத் தாமதம் தெரிந்தால் பெரும்பாலும் நடுவில் இருக்கும் கம்ப்யூட்டர் செட்டிங்கோ ப்ளூடூத் ஹெட்போனோதான் காரணம். ப்ளூடூத்தில் கிட்டாரை நேரடியாகக் கேட்டு வாசிக்கவே வாசிக்காதீர்கள்.

இன்னமும் வாதத்துக்கு இடமிருப்பது, "அறைக்குள் ஆம்ப்" என்று சொல்லும் உணர்வு. மாடலிங் கருவிகள் பெரும்பாலும் மைக் வைத்துப் பதிவான ஆம்பின் ஒலியைத் தருகின்றன. ஸ்டுடியோவில் ஸ்பீக்கருக்கு இரண்டு அங்குலம் தள்ளி வைத்த மைக் கேட்டது அது. அறையில் நின்று கேட்டுப் பழகியவருக்கு அது அந்நியமாகப் படும், ஹெட்போனில் இன்னும் அதிகமாக. இது மாடலிங்கின் தோல்வியா, அல்லது வேறு இரண்டு பொருள்களை ஒப்பிடும் நம் தவறா? நான் இரண்டாவது கட்சி. மாடலிங் ஆம்பிலேயே 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் இருந்தால் இந்தக் குறையில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஃபெண்டர் 2019-ல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் ட்வின் ரிவெர்ப் இதற்கு நல்ல உதாரணம். 85 வாட் வால்வு ஆம்பின் எழுச்சியைக் காட்ட உள்ளே 200 வாட் டிஜிட்டல் பவர் ஆம்ப் வைத்து, எடையை 29 கிலோவிலிருந்து சுமார் 15 கிலோவாகக் குறைத்தார்கள். ட்வின்னை மாடிப்படியில் தூக்கியவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகா 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் வாசித்தபோது, வெளியே சத்தமே போகக்கூடாது என்பதால் கூட்டம் முழுக்க ஹெட்போனில் கேட்டது, கிட்டார் ஒலி ஃப்ராக்டல் கருவிகளிலிருந்து வந்தது. மலை மலையாக வால்வு ஆம்ப் அடுக்கிப் பெயர் வாங்கிய குழு அது. சிறந்த மாடலிங் கருவிக்கும் நல்ல வால்வு ஆம்புக்கும் நேரில் துளிகூட வித்தியாசமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சத்தமாக வாசிக்கும்போது என் விரல்களுக்குத் தெரிகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் பதிவைக் கேட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னால் பந்தயம் கட்ட மாட்டேன்.

இனி என் தொழில் பக்கத்திலிருந்து, பராமரிப்பு. வால்வு தேய்கிற சாமான். முன்பகுதி வால்வு நீண்ட நாள் வரும்; பவர் வால்வை வாரா வாரம் மேடையில் வாசிப்பவர் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், சிலவற்றில் பயாஸையும் (வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அடிப்படை அளவு) மறுபடி சரிசெய்ய வேண்டும். பட்டறைக்கு வரும் புகார் பெரும்பாலும் "சார், சத்தம் கம்மியாயிடுச்சு, ஒரு மாதிரி கரகரங்குது". விளக்கை அணைத்துவிட்டு ஆம்பின் பின்பக்கம் பார்ப்பேன். ஹீட்டரின் ஆரஞ்சு நிற மினுக்கு நடுவில் தெரிவது இயல்பு. ஆனால் அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிற பிளேட் தகடே ஓரிடத்தில் செக்கச் செவேலென்று கனன்றால், அந்த வால்வு தன்னைத் தானே எரித்துக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்த வேண்டும். வெறும் வால்வை மாற்றிவிட்டு அனுப்பினால் புதியதும் அதே வழியில் போகும்; கசியும் கப்ளிங் கெப்பாசிட்டரையோ கருகிய ஸ்க்ரீன் ரெசிஸ்டரையோ தேடிப் பிடித்தாக வேண்டும். இதை நீங்களே வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

வால்வு கிடைப்பதும் முன்போல் இல்லை. ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. இன்று உலகத்தில் கிட்டார் வால்வு செய்யும் பெரிய ஆலைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவில் ஒன்று, சீனாவில் சில. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது எங்கும் விலை எகிறியது. பிறகு வரத்து திரும்பினாலும் பழைய விலை திரும்பவில்லை. இதோடு நம் ஊர்க் கரன்ட். மாலை நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கும், திருவிழா மேடையில் ஜெனரேட்டர் திடீரென்று ஏற்றும். டிரான்சிஸ்டர் ஆம்பும் டிஜிட்டல் ஆம்பும் இதைப் பெரும்பாலும் தாங்கும். வால்வு ஆம்புக்கு ஸ்டெபிலைசர் வைத்துக்கொள்வது நல்லது. மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டினால் எல்லா வகையும் ரீங்காரமிடும்.

மாடலிங்கின் பலவீனமும் இதே பக்கத்தில்தான் இருக்கிறது. 1965-ல் செய்த வால்வு ஆம்பைச் சர்க்யூட் படத்தை வைத்துக்கொண்டு இன்றும் ரிச்சி ஸ்ட்ரீட் சாமான்களிலேயே பெரும்பாலும் சரிசெய்ய முடியும். டிஜிட்டல் ஆம்பின் மெயின் போர்டு போனால் போர்டையே மாற்ற வேண்டும், கம்பெனி அதை நிறுத்தியிருந்தால் பெட்டியும் ஸ்பீக்கரும்தான் மிச்சம். மொபைல் ஆப் இல்லாமல் பாதி வசதிகள் திறக்காத ஆம்புகளை நான் சிபாரிசு செய்வதில்லை. ஆம்ப் உழைக்கும், ஆப்பை ஒருநாள் புதிய போன் ஏற்காது. வேண்டிய குமிழ்கள் பெட்டியின் மேலேயே இருப்பதாக வாங்குங்கள். வாங்கிப் பத்து வருடத்தில் விலை பாதிக்கும் கீழே போகும் என்பதையும் ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். நல்ல வால்வு ஆம்ப் அந்த அளவுக்கு இறங்காது.

உங்கள் விஷயத்தில் என் தீர்ப்பு: 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள, சத்த அளவைக் குறைக்கும் சுவிட்ச் கொண்ட, லைன் அவுட்டில் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) ஒலியைச் சேர்த்துத் தரும் மாடலிங் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்). 2016-ல் வந்த பாஸ் கட்டானா வரிசையின் 50 வாட் ஆம்ப் இந்த மூன்றுக்கும் பொருந்தும். அதில் 50, 25, அரை வாட் என்று மாற்றிக்கொள்ளலாம், அரை வாட் உங்கள் வீட்டுக்கு. அதையேதான் வாங்க வேண்டும் என்றில்லை, கடையில் இரண்டு மூன்றை ஒப்பிடுங்கள். உங்கள் சொந்தக் கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள். முன்பே சேமித்து வைத்திருக்கும் பிரம்மாண்டமான டோன்களைக் கடைக்காரர் ஓட்டிக் காட்டுவார். அவற்றைத் தாண்டி, எதிரொலியையும் ரிவெர்பையும் முழுக்க அணைத்துவிட்டு, லேசான கரகரப்பு வரும் இடத்தில் கெயினை நிறுத்துங்கள். பிறகு கிட்டாரின் வால்யூமைப் பாதிக்கு இறக்குங்கள். ஒலி சுத்தமாகி, ஆனால் மங்கிப்போகாமல் இருந்தால் அது நல்ல ஆம்ப். சத்தம் மட்டும் குறைந்து கரகரப்பு அப்படியே நின்றால் அடுத்ததைப் பாருங்கள். வீட்டில் வாசிக்கப்போகும் அதே சிறு சத்தத்திலும் ஐந்து நிமிடம் வாசித்துக் கேளுங்கள். நீங்கள் அநேகமாகச் சுத்தமான டோனில், பெடல்களை வைத்தே வாசிப்பவர் என்றால், மாடலிங்கை விட்டுவிட்டு நல்ல சாலிட் ஸ்டேட் ஆம்ப் வாங்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சர்ச்சில் லைன் அவுட்டிலிருந்து மிக்சருக்குக் கொடுத்தால் சவுண்ட் பார்க்கிறவரும் வாழ்த்துவார்.

கடைசியாக அண்ணன் கொண்டுவரும் ஆம்ப். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆம்பின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகிய கணத்தில் கதை முடிந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 22 வாட் ஆம்புக்கே 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவு வைத்துக்கொள்ளுங்கள். "22 வாட்" என்பது ஸ்பீக்கருக்குப் போவது, சுவரிலிருந்து எடுப்பது அதைப்போலப் பல மடங்கு. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், அதையும் தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரி ஆம்ப் 19 கிலோ, பெட்டியும் பஞ்சும் சேர்த்தால் விமானத்தின் 23 கிலோ கணக்கை அதுவே தின்றுவிடும். வால்வுகளைக் கழற்றி, எது எந்த இடம் என்று குறித்து, துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்டெப்-டவுன் வாங்கும்போது இரண்டு முனை மட்டும் உள்ள மலிவான ரகத்தை வாங்காதீர்கள். எர்த் முனை ஆம்பின் சேஸிஸ் (உலோகச் சட்டம்) வரை தொடர்ந்து போகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கிட்டாரைச் செருகுங்கள், ஏனென்றால் அந்த சேஸிஸோடு உங்கள் கிட்டார் தந்திகளும் ஒரே இணைப்பில் இருக்கின்றன.